தினமும் கல்யாணம் நடந்த வீடு

ஆம்பூரில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். பேச்சு வராதவர்கள், நடக்கத் தாமதமானவர்கள், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதவர்கள் என்று வேறு எங்கும் சேர்த்துக்கொள்ளாத சின்னக் குழந்தைகள். அம்மாக்களில் பாதிப் பேர் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். காலையில் கம்பெனி பஸ் வருவதற்குள் பிள்ளையை விட்டுவிட்டு ஓடுவார்கள். சாயங்காலம் அதே பஸ்ஸில் வந்து இறங்கித் தூக்கிக்கொண்டு போவார்கள்.

இதற்கு முன் நானும் ஒரு கம்பெனியில்தான் இருந்தேன். தைக்கிற வேலை இல்லை. வேலைக்கு வரும் பெண்களின் பிள்ளைகளுக்காக உள்ளேயே ஒரு காப்பகம் வைத்திருந்தார்கள், அதில். அங்கே ஒரு பெண் குழந்தை வந்தாள். வேறு ஏதாவது பிள்ளை அழுதால் போதும், இவள் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து கத்துவாள். அவள் கத்துவதைக் கேட்டு அறை மொத்தமும் கத்தும். சில வாரம் பார்த்துவிட்டு, இனி இந்தக் குழந்தையை அழைத்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் அம்மா தையல் லைனில் நல்ல கைக்காரி. வேலையை விடப்போகிறேன் என்று கேட்டில் நின்று அழுதாள்.

"வேலைய வுடாத. எங்க வூட்ல கொண்டாந்து வுடு, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

யோசித்துச் சொன்னது இல்லை. வாயில் வந்துவிட்டது. சொன்னபடி நடக்க நானும் வேலையை விட வேண்டியதாயிற்று. அதன் பிறகு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போய், இப்படிப்பட்ட குழந்தைகளோடு எப்படிப் பழகுவது என்று கற்றுக்கொண்டேன். ஒருத்தியைப் பார்த்து இன்னொருத்தி என்று மற்ற அம்மாக்களும் வந்தார்கள். அறை நிறைந்துவிட்டது.

அந்த முதல் குழந்தைக்கு ஐந்து வயதானபோது அவளுடைய சின்ன மாமாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் வீடு ஆற்காடு. கல்யாணம் மாப்பிள்ளை ஊரான பேரணாம்பட்டில். குடும்பத்தில் எல்லாவற்றையும் எடுத்துச் செய்கிறவர் பெரிய மாமா, அதாவது குழந்தையின் அம்மாவுக்கு அண்ணன். அவரே ஒரு நாள் பத்திரிகையோடும் ஒரு டப்பா மக்கன் பேடா இனிப்போடும் என்னைத் தேடி வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, பிள்ளைகள் விளையாடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருடைய தங்கை மகள் ஒரு மூலையில் பாத்திர மூடியைச் சுழலவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சரம்மா, ஒரு ஒதவி. கல்யாணத்தன்னைக்கு மட்டும் குழந்தைய நீங்களே வெச்சிக்கணும்" என்றார். "நாத்தனார் முடிச்சு என் தங்கச்சிதான் போடணும். அவ மேடையில நிக்கற நேரத்துல இவ கத்துனா இன்னா பண்றது? ஆற்காட்ல இருந்து வர்றவங்க ஆளுக்கு ஒண்ணு பேசுவாங்க."

மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற முடிச்சுகளை அவனுடைய சகோதரி போடுவது வழக்கம். வேறு சகோதரி இல்லாததால் அந்த உரிமை குழந்தையின் அம்மாவுக்குத்தான் இருந்தது. அவர் கெட்ட மனிதரும் இல்லை. முன்பு ஒரு காதுகுத்தில் இந்தக் குழந்தை கத்தியதையும், எல்லோரும் திரும்பிப் பார்த்ததில் தன் தங்கை சாப்பிடாமலே கிளம்பிப் போனதையும் பார்த்தவர். அதற்குப் பிறகு அவள் எந்த விசேஷத்துக்கும் போனதில்லை.

"அன்னைக்கு இங்க லீவுங்க" என்றேன்.

"ஏன்?"

"எனக்கும் பத்திரிகை வெச்சிருக்கீங்களே. நான் கல்யாணத்துக்கு வர்றேன். அவளையும் கூட்டிக்கினு வர்றேன். என் பொறுப்பு."

அவர் சிரித்தார். வற்புறுத்தவில்லை. அவர் தெருமுனை திரும்பியதும் பத்திரிகையில் தேதியைப் பார்த்து நாட்களை எண்ணினேன்.

சாயங்காலம் அவள் அம்மாவிடம் சொன்னபோது அவள் பதறிவிட்டாள். "ஏங்க்கா அப்பிடி சொன்னீங்க? நடுக் கல்யாணத்துல பேஜாராப் போச்சுன்னா? நானே போறதா இல்ல. முடிச்ச வேற யாராவது போடட்டும்னு சொல்லிட்டேன்."

"நீதான் போடற" என்றேன். "அதுக்குள்ள இங்க தெனமும் ஒரு கல்யாணம் பண்ணிப் பாத்துடுவோம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. கல்யாணத்தில் அவளுக்கு எதெல்லாம் சிரமமோ அதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துக்கொண்டேன். உடுத்துகிற பட்டு, பூ வாசனை, கூட்டம், இலைச் சாப்பாடு, எல்லாவற்றுக்கும் மேல் கெட்டிமேளம். ஒரு நாளைக்கு ஒன்றைக் கொஞ்சம்போல.

மற்ற பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு இவளுக்கு மட்டும் செய்ய முடியாது என்பதால் எல்லோரும் கல்யாணத்தில் சேர்ந்துகொண்டார்கள். தாமதமாக நடக்க ஆரம்பித்திருந்த ஒரு குண்டுப் பையன் மாப்பிள்ளை. மணப்பெண், சேலை சுற்றிய ஒரு நீளத் தலையணை. அவனுக்கு அந்த வேலை மிகவும் பிடித்துவிட்டது. மாலையோடுதான் சாப்பிடுவான், மாலையோடுதான் தூங்குவான். வேறொரு பையனை மாப்பிள்ளையாக்கிய அன்று தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அடுத்த நாள் அவனையே மறுபடி மாப்பிள்ளையாக்கிவிட்டேன்.

மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மாவை நான் உருதுவில் அக்கா என்கிற மாதிரி ஆபா என்று கூப்பிடுவேன். ஒரு நாள் படியில் நின்று எட்டிப் பார்த்தார்.

"இன்னா டீச்சர், உங்க வூட்ல தெனம் கல்யாணம் நடக்குது, எங்கள ஒரு நாளாவது கூப்ட்டீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் தன் இரண்டு மருமகள்களோடும் எதிர்வீட்டுப் பெண்களோடும் வந்து பாயில் உட்கார்ந்தார். எல்லோரும் கை கட்டிக்கொண்டு அமைதியாகக் குழந்தைகளைப் பார்த்தார்கள்.

"இப்பிடி இருந்தா கல்யாணக் கூட்டம் மாதிரி இல்லையே ஆபா" என்றேன்.

"சரிதான்" என்றவர் மருமகள்கள் பக்கம் திரும்பி, "யாரும் மேடைய பாக்காதீங்க. சத்தமா பேசுங்க. நகை யாரு ஜாஸ்தி போட்டுக்கினு வந்துருக்காங்கன்னு பாருங்க" என்றார். அதன் பிறகு அவர்கள் செய்த இரைச்சலில் நிஜக் கல்யாணம் தோற்றுவிடும். குழந்தை முதல் நாள் சமையலறைக்கு ஓடினாள். அடுத்தடுத்த நாட்களில் வாசற்படிவரை வந்து நின்றாள். பிறகு என் மடிவரை வந்தாள்.

கெட்டிமேளத்தைப் போனில் வைத்துச் சத்தத்தை முழுவதும் குறைத்து, உள்ளறையில் துணிகளுக்கு அடியில் வைத்து ஆரம்பித்தேன். கொஞ்சம் கொஞ்சமாகப் போன் முன்னறைக்கு வந்தது. நடுவில் குக்கர் விசில் அடித்து ஒரு வார வேலையைக் கெடுத்த நாளும் உண்டு. அவள் அம்மா கம்பெனியில் கம்ப்ரசர் அறைக்காரர்கள் இரைச்சலுக்குப் போட்டுக்கொள்ளும் காது மூடி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். பெரியவர்கள் அளவு. உள்ளே பஞ்சு வைத்துத் தைத்து அவளே சின்னதாக்கினாள். பட்டுப் பாவாடைக்கும், சரிகை உடம்பில் உரசாதபடி உள்ளே மெல்லிய பருத்தித் துணி கொடுத்துத் தைத்தாள்.

எல்லாவற்றையும்விடக் கடினம் அம்மாவின் முந்தானை. வெளியே எங்கே போனாலும் குழந்தை அதைக் கையில் சுற்றிக்கொள்வாள். அவிழ்த்தால் அழுகை. முடிச்சுப் போட அம்மாவுக்கு இரண்டு கையும் வேண்டும், மேடையில் அவள் தனியாக நிற்கவும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவை வரவழைத்து, தலையணைக் கழுத்தில் மஞ்சள் கயிற்றை முடியச் சொன்னேன். குழந்தையின் கைக்கு வேறு வேலை வேண்டும் என்று தோன்றியது. ஒரு கிண்ணம் நிறைய மஞ்சள் அரிசியைக் கொடுத்தேன். மேளம் கேட்டால் போட வேண்டும்.

அரிசி விரல் வழியாக விழுவதை அவள் கண் எடுக்காமல் பார்த்தாள். முதலில் மேளத்துக்குக் காத்திருக்காமல் கிண்ணத்தைக் கவிழ்த்தாள். பிறகு தின்றாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேளம் வரும்வரை கையை அரிசிக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அம்மா முந்தானையை மெதுவாக உருவிக்கொண்டு போனது அவளுக்குத் தெரியவே இல்லை. தெரிந்தபோது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். மறுபடி அரிசிக்கு வந்துவிட்டாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு. பேரணாம்பட்டு மண்டபத்து வாசலில் ஆள் உயரத்துக்குப் பாட்டுப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். நான் இதை நினைத்தே பார்க்கவில்லை. அந்த அதிர்வு காதில் இல்லை, நெஞ்சிலேயே இடித்தது. காது மூடியால் ஒரு பிரயோசனமும் இல்லை. கையை உதறிக்கொண்டு அவள் ரோட்டுப் பக்கம் ஓடினாள். வண்டிகள் நிறுத்தும் இடத்தில்தான் பிடித்தேன். இறுக்கிக் கட்டிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன்.

பெரிய மாமா வந்தார். "நான் அப்பவே சொன்னேன் டீச்சரம்மா" என்றார். கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. அவள் அம்மா பின்னாலேயே வந்து, "வேணாம்க்கா. நாம ஊருக்குப் போய்டலாம்" என்றாள்.

"காலையில இந்தப் பொட்டி இருக்குமா?"

"இருக்காது. மேளம் மட்டும்தான்."

"அப்ப இரு. மேளம் நமக்குப் பழக்கம்."

மறுநாள் கூட்டம் சேர்வதற்கு முன்பே அவளை மண்டபத்துக்குள் அழைத்துப் போனேன். நாற்காலிகள் காலியாக இருந்தன. மேளக்காரர்கள் ஓரமாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தவில்காரரிடம் குழந்தையைப் பற்றிச் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தவிலை அவள் பக்கம் திருப்பினார்.

"கைய வெக்கட்டும்மா. ஒண்ணும் ஆவாது."

அவள் உள்ளங்கையைத் தோலின் மேல் வைத்தாள். அவர் மறுபுறம் விரலால் மெல்லத் தட்டினார். அவள் கையை எடுக்கவில்லை. கொஞ்சம் அழுத்தித் தட்டினார். அப்போதும் எடுக்கவில்லை. இன்னொரு கையையும் கொண்டுவந்து வைத்தாள்.

"கெட்டிமேளம் அடிக்கறதுக்கு முன்னால உங்கள பாத்துத் தலையாட்டறேன்" என்றார் அவர். "நீங்க தயாரா இருந்துக்கோங்க."

முகூர்த்த நேரத்தில் முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தோம். அவள் தலையில் காது மூடி, மடியில் அட்சதைக் கிண்ணம். மேடையில் மணப்பெண்ணுக்குப் பின்னால் நின்ற குழந்தையின் அம்மா தாலியைப் பார்க்கவில்லை, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தவில்காரர் எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். நான் காது மூடிமேல் என் கைகளை வைத்து அழுத்தினேன்.

மேளம் இடிபோல் எழுந்தது. அவள் உடம்பு விறைத்தது. என் முகத்தைப் பார்த்தாள். நான் கிண்ணத்தைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். கை அரிசிக்குள் போனது, ஒரு பிடி எடுத்தது, மேலே போனது.

மேடையில் அவள் அம்மா குனிந்து இரண்டு கையாலும் முடிச்சுப் போட்டாள். அவசரப்படாமல், இழுத்துப் பார்த்து, இறுக்கமாகப் போட்டாள்.

மேளம் நின்றது. எல்லோரும் அட்சதை போட்டு முடித்துவிட்டு உட்கார்ந்தார்கள். இவள் மட்டும் முடிக்கவில்லை. எழுந்து கிண்ணத்தோடு மேடைப்படி ஏறினாள். நானும் பாதி எழுந்தேன். மாப்பிள்ளையின் முன்னால் போய் நின்று ஒரு பிடி போட்டாள். பெண்ணின் மேல் ஒரு பிடி போட்டாள். யாரோ பிடிக்க வந்தார்கள். மணப்பெண் கையை நீட்டித் தடுத்துவிட்டு, மாலையை ஒதுக்கிக்கொண்டு தலையைக் குனிந்து காட்டினாள்.

"இன்னும் போடு" என்றாள்.

"போடு" என்று குழந்தையும் சொன்னாள். ஒவ்வொரு பிடிக்கும் "போடு, போடு" என்று சொல்லிச் சொல்லிக் கிண்ணம் காலியாகும்வரை போட்டாள். மண்டபமே சிரித்தது. எல்லோரும் மறுபடி அந்தக் குடும்பத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்தத் தடவை அவள் அம்மா தலை குனியவில்லை.

பந்தியில் அவள் இட்லியும் தயிர் சோறும் மட்டும் வைத்துக்கொண்டாள். இலையில் விழுந்த ஜாங்கிரியை எடுத்து என் இலையில் போட்டாள். அவள் வெள்ளைச் சாப்பாடு மட்டும்தான் சாப்பிடுவாள், அதையும் வேறு எதுவும் தொடக் கூடாது. வாளியோடு வந்த பெரிய மாமா நின்று பார்த்துவிட்டு உள்ளே போய், சாம்பார் படாத இட்லி இரண்டைத் தனித்தட்டில் கொண்டுவந்து வைத்தார். எதிர்வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆற்காட்டுப் பெரியவர் ஒருவர், "அட்சதை போட்ட குட்டி யாரு?" என்று கேட்டார்.

"என் தங்கச்சி பொண்ணு" என்றார் பெரிய மாமா, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி.

அவள் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். பாயசம் மறுபடி கேட்டு வாங்கிக் குடித்தாள்.

அவள் அட்சதை போட்டதை யாரோ போனில் எடுத்திருந்தார்கள். திங்கட்கிழமை அந்த வீடியோ கம்பெனி பஸ் முழுக்கச் சுற்றியிருந்தது. சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த இன்னொரு அம்மா வாசலிலேயே தயங்கி நின்றாள். அவள் மகன் கத்தரிக்கோலைக் கண்டால் வீட்டை விட்டே ஓடுகிறவன். தூங்கும்போதுதான் முடி வெட்டுவார்கள்.

"அக்கா, சலூன் பண்ண முடியுமா?" என்றாள்.

அன்றே ஆபாவின் மருமகளிடம் ஒரு சுழல் நாற்காலியும் பெரிய கண்ணாடியும் கேட்டு வாங்கி முன்னறையில் போட்டேன். மறுநாள் காலை முதல் வாடிக்கையாளராக, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, நானே ஏறி உட்கார்ந்தேன்.