வேலுச்சாமி அண்ணாச்சி சொல்லாமல் போன வாசம்

அன்று காலை முழுவதும் வேலுச்சாமி அண்ணாச்சி போனை எடுக்கவில்லை. நேவி ப்ளூ துணி ஒன்று, ஒரு ரோலுக்கும் அடுத்த ரோலுக்கும் நிறம் ஒட்டாமல் என் மேசையில் விரிந்து கிடந்தது. வெட்டலாமா, சாயப்பட்டறைக்கே திருப்பி அனுப்பலாமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். கட்டிங் மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தபடி நின்றார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மறுபடியும் அழைத்தேன். யாரோ எடுக்கும் சத்தம் கேட்டதும், யார் என்றுகூடக் கேட்காமல் ஆரம்பித்துவிட்டேன்.

“என்ன அண்ணாச்சி, டீயை உறிஞ்சிக்கிட்டு உக்காந்திருக்கியளா? இங்க என் உயிரு போவுது!”

வந்தது அவர் மகன் செந்திலின் குரல். “அக்கா, அப்பா காலைல தவறிட்டாருங்கக்கா. நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சுங்க.”

சாவு வீட்டுக்குப் போன் போட்டுத் திட்டியவள் என்ற பெயரையும் எனக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார் மனிதர். இருந்தவரைக்கும் அப்படித்தான் இருந்தார்.

இதைப் படிக்கும் நீங்கள் அநேகமாக அவரோடு வேலை பார்த்தவர்கள். உங்களில் பாதிப் பேராவது அவர் கொடுத்த டீயை வாங்கி, “சூப்பருங்க” என்று சொல்லிவிட்டு, அவர் திரும்பியதும் ஜன்னல் வழியாகக் கொட்டியிருப்பீர்கள். மறுக்க வேண்டாம். லேப் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் அந்தச் செம்பருத்திச் செடியை நானும் பார்த்திருக்கிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் நிறுவனத்துச் சாயப்பட்டறை லேபில் நிறம் பார்ப்பதுதான் அவர் வேலை. வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பும் துண்டுத் துணியின் நிறத்தை நம் துணியில் கொண்டுவந்து காட்ட வேண்டும். வாங்குபவர்களுக்கும் பட்டறைக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவது என் வேலை. நான் தூத்துக்குடிப் பக்கம். பழக்க தோஷத்தில் முதல் நாளே அவரை “அண்ணாச்சி” என்று கூப்பிட்டுவிட்டேன். “அண்ணாச்சின்னா மளிகைக் கடை வெச்சிருக்கோணுமுங்க அம்மிணி, நான் நெசவுக்காரன்” என்றார். நான் மாற்றிக்கொள்ளவில்லை. அவரும் என்னை “அம்மிணி”யிலிருந்து மாற்றவில்லை. இருவரும் அந்த வகையில் ஒரே ஜாதி, பிடிவாத ஜாதி.

வழியில் வரும் ஒவ்வொரு பேக்கரியிலும் ஒரு டீ என்று வாழும் பனியன் ஊர் இது. திக்கான பால், டஸ்ட் தூள், கண்ணாடி டம்ளரில் நுரை. அதைக் குடித்துத்தான் தையல் மிஷின்கள் ஓடுகின்றன. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த அவருக்கு, கோத்தகிரிக்கு மேலே எங்கோ குளிர்காலத்தில் பறித்த இலையில் பாலும் சர்க்கரையும் இல்லாமல் டீ போட்டுக் குடிக்க வேண்டும் என்ற கிறுக்கு எப்படிப் பிடித்ததோ தெரியாது. வருடா வருடம் பனி விழும் மாதங்களில் மேட்டுப்பாளையம் வழியாக பஸ் ஏறிப் போய், ஒரு சின்ன ஃபாக்டரியில் உட்கார்ந்து முகர்ந்து பார்த்து வாங்கி வருவார். “உசரத்துல, குளிருல இலை மெதுவா வளருமுங்க. மெதுவா வளந்ததுக்குத்தான் வாசம்” என்பார். ஷிப்மெண்ட் நெருக்கும்போது லேபில் போய் நின்றால் இதைத்தான் சொல்வார். எனக்குக் கை பரபரக்கும்.

அந்தச் சடங்கை எத்தனை முறை பார்த்திருப்பேன்! சாயக் கரைசல் பீக்கர்களுக்குப் பக்கத்திலேயே அவருடைய கெட்டில். வெள்ளைக் கோப்பைதான் வேண்டும், அதையும் முதலில் வெந்நீரால் கழுவ வேண்டும். தண்ணீர் கொதித்ததும் இறக்க வேண்டும், கிடந்து கொதிக்கக் கூடாது. இலையைப் போட்டு மூடி, மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் கம்பெனியே தீப்பிடித்தாலும் திரும்ப மாட்டார். வடிகட்டியதும், துணி நிறம் பார்க்கும் லைட் பாக்ஸுக்குள் கோப்பையை வைத்துக் குனிந்து பார்ப்பார். “போன வாரத்தைவிட ஒரு டோன் ரெட்டிஷ் அடிக்குதுங்க” என்பார். வெந்த இலையை முகர்வார். கடைசியாக ஒரு கரண்டியில் எடுத்து, பக்கத்து அறைக்குக் கேட்கும்படி ‘சுர்ர்’ரென்று உறிஞ்சுவார். சத்தம் போட்டு உறிஞ்சினால்தான் வாசம் மூக்குக்கு ஏறுமாம்.

பிறகு என் முறை. நானும் உறிஞ்சுவேன், நாக்கு பொசுங்கும். “என்ன தெரியுதுங்க?” என்பார். “என்னத்த தெரியும்? வெந்நியாத்தான் இருக்கு” என்பேன்.

“அவசரப்படாதீங்க. மொதல்ல நாக்கு நுனியில சுருக்குன்னு ஒன்னு வரும். அப்புறம் ஒன்னுமே இல்லாத மாதிரி இருக்கும். அங்கதான் எல்லாரும் உட்டுர்றாங்க. தொண்டையத் தாண்டுனதுக்கப்புறம் மூக்குப் பக்கமா ஒரு வாசம் திரும்பி வருமுங்க.”

“என்ன வாசம்? அதையாவது சொல்லித் தொலைங்களேன்.”

“சொன்னா நீங்க அதையேதான் சொல்லுவீங்க. உங்களுக்கா வரோணும்.”

பூவா, பழமா, பச்சிலையா, ஒரு குறிப்பும் கிடையாது. விடாக்கண்டிக்கும் கொடாக்கண்டனுக்கும் நடுவில் ஒரு கோப்பை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று கட்டிங் மாஸ்டர் என்னைக் கேலி செய்ததும் உண்டு. அண்ணாச்சி மட்டும் கேலி செய்ததில்லை. ஒருநாள் நான் கோபத்தில், “அத்தனை பேரும் சூப்பருங்காவ, அவங்களுக்கு ஊத்துங்களேன், என்னை ஏன் படுத்துதீய?” என்று கேட்டுவிட்டேன். கரண்டியைக் கீழே வைத்தார். “சூப்பருங்கன்னு சொல்றவங்களுக்கு ஒன்னும் தெரியலைன்னு எனக்குத் தெரியுமுங்க அம்மிணி. எங்கூட்டுக்காரியும் பால் ஊத்தித்தான் குடிக்கறா. இந்த ஊருல ஒருத்தருக்காச்சும் அது தெரிஞ்சிருச்சுன்னா, எனக்குக் கிறுக்கில்லைன்னு ஆயிரும். நீங்கதான் பொய் சொல்லாத ஆளு. அதனாலதான் உங்களைய உடறதில்லை” என்றார். அதற்குப் பிறகு கோப்பையை மறுக்க எனக்கு வாய் வரவில்லை. எரிச்சல் மட்டும் குறையவில்லை.

அந்தக் கூரியர் விவகாரம் உங்களுக்கெல்லாம் தெரியும். ஆனால் அன்று போனில் பேச்சு வாங்கியது நான்தான் என்பதால் மறுபடியும் சொல்கிறேன். வெளிநாட்டுக்காரர்களுக்காக ஆர்டர் கொடுக்கும் பெங்களூர் பையிங் ஆபீஸிலிருந்து வந்த ஒரு பெண், லைட் பாக்ஸில் இருந்த அவர் கோப்பையைப் பார்த்து, இதே கலரில் ஒரு டி-ஷர்ட் போட்டால் நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டாள். பேச்சுக்குச் சொன்னது. அண்ணாச்சி ராப்பகலாக உட்கார்ந்து, இளம் ஆரஞ்சும் பொன்னும் கலந்த அந்த நிறத்தைத் துணியில் கொண்டுவந்தார். அது அழகுதான், மறுக்கவில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். எந்த நிறத்தோடு ஒப்பிட வேண்டும் என்பதற்கு மாதிரித் துணி வைக்க வேண்டிய இடத்தில், டீ இலையைப் பொட்டலம் கட்டி வைத்து, ‘மூன்று நிமிடம் மட்டும்’ என்று மேலே எழுதி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கூரியரில் அனுப்பிவிட்டார்.

அங்கே பேன்ட்ரியில் அதை டீத்தூளைப் போலவே கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சியிருக்கிறார்கள். அந்தக் கறுத்த டீயோடு ஒப்பிட்டுவிட்டு, துணி வெளிறிப்போய் இருக்கிறது, ரிஜெக்ட் என்று மெயில் வந்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு லேபுக்கு ஓடினேன்.

“அண்ணாச்சி, டீயை யாராவது ஸ்டாண்டர்டா அனுப்புவாவளா?”

“அவங்க மூணு நிமிசத்துக்கு மேல உட்டுட்டாங்க அம்மிணி. தப்பு அவங்க மேல. திருப்பிப் போடச் சொல்லுங்க.”

டீயைத் திருப்பிப் போடுங்கள் என்று நான் பெங்களூருக்கு மெயில் எழுத வேண்டுமாம்! அந்த டி-ஷர்ட் கடைசியில் காப்பி நிறத்தில்தான் கப்பல் ஏறியது. அவர் ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபப்பட வேண்டியவள் நான். கோபித்துக்கொண்டவர் அவர்.

சென்ற ஆயுத பூஜையன்று, லைட் பாக்ஸுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து முடித்து, எல்லோரும் பேக்கரி டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார்: “நான் போய்ச் சேர்ற அன்னைக்காச்சும் வர்றவங்களுக்கு நல்ல டீ குடுங்க. பால் ஊத்துனீங்கன்னா எந்திரிச்சு உக்காந்துக்குவேன்.” யார் போடுவார்களாம் என்று கேட்டேன். “நீங்கதான். நாக்கு வேலை செய்யலைன்னாலும் கை சுத்தமுங்க.” சரி, போடுகிறேன், ஆளை விடுங்கள் என்றேன். நல்ல நாளும் பொழுதுமாக இந்தப் பேச்சு எதற்கு என்று பேச்சை முடிப்பதற்காகச் சொன்னதுதான். சொன்னது சொன்னதுதானே.

திருமுருகன்பூண்டியில் அவர் தெருவே சிற்பிகளின் தெரு. அன்று யாரும் உளியைத் தொடவில்லை. துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால், பக்கத்துச் சிற்பி வீட்டு அடுக்களையைக் கேட்டு வாங்கினேன். அப்பாவைக் கிடத்தியிருக்கும் வீட்டில் மகனிடம் போய் டீ டப்பா எங்கே என்று கேட்ட கொடுமையும் என் தலையில்தான் விழுந்தது. செந்தில் உள்ளே போய் எடுத்துக் கொடுத்தான். அவன் மாமா, அதாவது அண்ணாச்சியின் மச்சினர், வழியை மறித்தார்.

“பேக்கரியில சொல்லியாச்சுங்க. பால் டீ வந்துரும்.”

“அண்ணாச்சி இதைத்தான் குடுக்கணும்னு சொல்லியிருக்காவ.”

“ஏனுங்க, இழவு ஊட்டுல சுடுதண்ணியக் குடுத்து அனுப்புனாங்கன்னு நாலு பேரு பேசோணுமுங்களா?”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இருந்தாலும் போட்டேன். உதவிக்கு வந்த சிற்பி வீட்டுப் பெண் பால் பாத்திரத்தோடு வந்தபோது, அந்த அம்மாள் பயந்துபோகும்படி கத்தினேன். ஒரு குண்டா நிறைய, முறைப்படி, மூன்று நிமிடத்தில் வடித்து எடுத்தேன். வந்தவர்கள் காகிதக் கப்புக்குள் எட்டிப் பார்த்தார்கள். “தூள் தீந்துருச்சாட்ட இருக்குது” என்று ஒருவர் இன்னொருவரிடம் முணுமுணுத்தார். ஒரு வாய் குடித்து நாற்காலிக்கு அடியில் வைத்தவர்கள்தான் அதிகம். பேக்கரி ஃபிளாஸ்க்குகள் காலியாயின, என் குண்டா அப்படியே இருந்தது. அவரை எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் எழுந்து உட்காரவில்லை.

அழுவதா, எரிச்சல்படுவதா என்று தெரியாமல் பந்தலின் ஓரத்தில் குண்டாவோடு உட்கார்ந்திருந்தேன். சுட்டெரிக்கும் வெயில். மயானத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்து, குளித்து, தலை ஈரத்தோடு பந்தலுக்குள் வந்தார்கள். தாகம். ஒருவர் குண்டாவில் டம்ளரை விட்டு மொண்டு குடித்தார். நின்று, மறுபடியும் மொண்டார். “என்னுங்க இது? நல்லாருக்குதே” என்று பக்கத்திலிருந்தவரிடம் நீட்டினார். அந்த மச்சினரே வந்து குடித்தார், டம்ளரை மறுபடியும் நீட்டினார். நான் குண்டாவுக்குள் பார்த்தேன். ஆறிய டீ கலங்கி ஆடை படிந்திருக்கும் என்று நினைத்தேன். அடிப்பாகம் தெரியத் தெளிவாக இருந்தது. தொண்டை வறண்டிருந்ததால் நானும் ஒரு டம்ளர் குடித்தேன்.

முதலில் நாக்கு நுனியில் சுருக்கென்றது. பிறகு ஒன்றுமே இல்லை. நான் டம்ளரைக் கீழே வைக்கக் குனிந்தபோது, தொண்டையிலிருந்து மேலேறி வந்தது. சாத்துக்குடித் தோலை நகத்தால் கிள்ளினால் விரலில் ஒட்டுமே, அந்த வாசம். பிசகே இல்லை. யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, எனக்குத் தானாகவே வந்தது.

எழுந்து உள்ளே ஓடினேன். அவர் மனைவி சரசக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த நேரத்தில் கேட்கக் கூடாத கேள்விதான். கேட்டேன். “அக்கா, அந்த டீயில என்ன வாசம் வரும்னு உங்ககிட்டயாவது அண்ணாச்சி சொல்லியிருக்காவளா?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “எங்கிட்டயும் சொன்னதில்லை கண்ணு. கேட்டா, உனக்கா வரட்டும்னு சொல்லிப் போடுவாரு” என்றார். சொல்லும்போதே அவர் கண் நிறைந்துவிட்டது. ஆனால் குரலில் இருந்தது என்னுடைய அதே எரிச்சல்தான்.

ஆறிய கோப்பையை அண்ணாச்சி கையால் தொட மாட்டார். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று சொல்லிக் கொட்டிவிடுவார். இத்தனை வருடம் சுடச்சுட ஊற்றி என் நாக்கைப் பொசுக்கிய மனிதர், ஒரே ஒரு கோப்பையை ஆற விட்டிருந்தால் அவர் எதிரிலேயே சொல்லியிருப்பேனே! லேபே அதிர ஒரு சிரிப்பு சிரித்திருப்பாரே! அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம்தான் வருகிறது.

ஆகவே, அவரோடு பழகிய உங்களிடம் கேட்கிறேன். அந்த வாசம் எது என்று உங்களில் யாரிடமாவது வாய் தவறியாவது சொல்லியிருக்கிறாரா? சொல்லியிருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். சூப்பருங்க என்று சொன்னவர்கள் மட்டும் தயவுசெய்து பேசாமல் இருங்கள்.

செந்தில் அந்த டப்பாவை என்னிடமே கொடுத்துவிட்டான். அது தீர்ந்துவிடும். தீராமல் என்னிடம் இருக்கப் போவது அந்த வாசம் ஒன்றுதான், அது சரியா தப்பா என்று தெரியாத எரிச்சலோடு சேர்த்து. எனக்குச் சாத்துக்குடித் தோல் வந்தது, அண்ணாச்சி. உங்களுக்கும் அதுதானா?