முன் பிரேக் எந்தக் கையில்

கிராவல் பைக்கை டெலிவரி எடுக்க வந்தவர், எடுப்பதற்கு முன்பே கடைக்குப் பக்கத்துக் காலி மனையில் விழுந்தார். சைக்கிள் கடை வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இது உதவும் என்பதால் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. வண்டி

நான் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவள். புதுச்சேரியில் ஒரு சைக்கிள் கடையில் அசெம்ப்ளி, சர்வீஸ் இரண்டும் என் பொறுப்பு. கிராவல் பைக் தூரத்தில் பார்த்தால் ரேஸ் சைக்கிள் போலவே இருக்கும். ஹாண்டில்பார் அதே மாதிரி கீழே வளைந்திருக்கும். கிட்டே வந்தால்தான் டயர் அகலமாக இருப்பதும் டிஸ்க் பிரேக் இருப்பதும் தெரியும். ஈ.சி.ஆரில் தார் ரோட்டில் வேகமாகப் போகலாம். அப்படியே திருப்பிச் செம்மண் பாதையிலும் இறக்கலாம். “ஒரே வண்டி, எல்லாத்துக்கும் ஆவும்” என்று சொல்லித்தான் எங்கள் கடை முதலாளி விற்பார்.

கருவடிக்குப்பத்திலிருந்து வந்த ஓர் அப்பாவும் மகளும் அதைக் கேட்டுத்தான் ஆர்டர் கொடுத்தார்கள். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர். இங்கே அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். மகள் கலைவாணி ஓர் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன். வாங்கியது அவள்தான். “ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டுவோம்க்கா” என்றாள். இருவருக்கும் ஒரே உயரம். கால் அளவு, கை நீளம், தோள் அகலம் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்று. ஒரே ஃப்ரேம் இருவருக்கும் பொருந்துவது அபூர்வம். எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

2. கை

டெலிவரி அன்று சொல்தா வண்டியில் ஏறும் முன் இரண்டு பிரேக் லிவரையும் அழுத்திப் பார்த்தார்.

“என்னம்மா இது, முன் பிரேக் வலது கையில இருக்கு?”

“நம்ம ஊர்ல அப்படித்தான் சார்.”

“பிரான்சுல இடது கை. பாதி ஆயுசு அப்படித்தான ஓட்டியிருக்கேன்.”

“ரெண்டு நாள்ல பழகிடும் சார்” என்றார் முதலாளி.

“பட்டாளத்துல இருந்தவரு, இதுக்குப் போயி பயப்படுறாரு பாருங்க” என்றாள் கலைவாணி.

“பயமா? எனக்கா? பாத்துப் பிடிச்சா போவுது.”

‘பாத்துப் பிடிச்சா’ என்பதுதான் எனக்கு உறுத்தியது. அவசரத்தில் யாரும் பார்த்துப் பிடிப்பதில்லை. காலி மனையில் ஜல்லி கொட்டியிருந்தது. அதில் மெதுவாக ஓட்டுங்கள், நான் கை தூக்கும்போது நிறுத்துங்கள் என்றேன். கை தூக்கிய ஒவ்வொரு முறையும் அழகாக நிறுத்தினார். முதலாளி பில் போட உள்ளே போய்விட்டார். அப்போது ஒரு நாய் குறுக்கே ஓடியது.

ஜல்லியில் பழகியவர்கள் முதலில் பின் பிரேக்கைத்தான் அழுத்துவார்கள். அவர் கையும் சரியாகத்தான் செய்தது; ஆனால் அது பிரான்ஸ் வழக்கப்படி வலது கையை இறுக்கியது. இங்கே அது முன் பிரேக். முன் சக்கரம் வழுக்கி, வண்டி சாய்ந்தது.

“பா கிராவ், பா கிராவ்” என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். பிரெஞ்சில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். முழங்கையில் ரத்தம் இருந்தது.

3. யாருக்கு

சத்தம் கேட்டு வந்த முதலாளி, “கேபிள் பிரேக்தானே? கை மாத்திக் குடுத்துடு” என்றார்.

நான் கலைவாணியிடம் தினமும் என்ன ஓட்டுகிறாள் என்று கேட்டேன். ஸ்கூட்டர். அவசரத்தில் எந்தக் கை பிடிக்கும் என்று கேட்டபோது, யோசிக்காமல் இடது கையை மடக்கிக் காட்டினாள். ஸ்கூட்டரில் அது பின் பிரேக், அதனால் சரி. அப்பாவுக்காக முன் பிரேக்கை இடது பக்கம் மாற்றினால், அதே ஜல்லியில் அடுத்து விழப்போவது அவள்.

“அண்ணா, இத ரெண்டு பேருக்கும் சேத்துக் குடுக்க முடியாது. ஒருத்தர் கைக்குத்தான் செட் பண்ணலாம்” என்று முதலாளியிடம் சொன்னேன்.

“விக்கிற கடையில நின்னுக்கிட்டு விக்க மாட்டேங்கிறியேம்மா!”

“அவ கைக்கே இருக்கட்டும்” என்றார் சொல்தா உடனே. “நான் எப்பனாச்சும் ஓட்டறவன்.”

கலைவாணி அவருடைய முழங்கையைப் பார்த்தாள்.

“அப்பா கைக்கு மாத்துங்கக்கா.”

“அப்ப நீ எப்படி ஓட்டுவ?”

“நான் எங்க ஓட்டப்போறேன்ப்பா? டூட்டி முடிஞ்சு வந்தா படுக்கதான் தோணுது. உனக்குன்னு சொன்னா வேணாம்ப. செருப்பு வாங்கியாந்தாலே கடையில திருப்பிக் குடுத்துட்டு வர்ற ஆளு நீ.”

“கைய நீட்டி, கால நீட்டி அளவெல்லாம் குடுத்தியேடி?”

“நடிச்சேன்.”

முதலாளி சிரிப்பை அடக்க முடியாமல் டீ சொல்லப் போனார். சொல்தா சிரிக்கவில்லை. “எனக்கு ஒருத்தனுக்குன்னா இவ்ளோ பெரிய வண்டி எதுக்கு? வேணாம். வா போவலாம்” என்று ஹெல்மெட்டைக் கழற்றினார்.

குடும்ப விஷயத்தில் நான் பேசக் கூடாது. கட்டரை எடுத்து, பிரேக் கேபிளை மூடிச் சுற்றியிருந்த ஹாண்டில்பார் டேப்பைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

“என்னம்மா பண்ற?”

“கேபிள் மாத்தணும் சார். டேப் பிரிச்சாச்சு, இனிமே இத வேற யாருக்கும் புதுசுன்னு விக்க முடியாது.”

அவர் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் கேபிள் இழுப்பதையே பார்த்தார்.

இப்போதெல்லாம் யாருடைய வண்டியாக இருந்தாலும் டேப் சுற்றுவதற்கு முன் மூன்று விஷயம் பார்க்கிறேன். முன் பிரேக் எந்தக் கையில் பழக்கம், தினமும் வேறு என்ன வண்டி ஓட்டுகிறார், திடீரென்று நிறுத்தச் சொன்னால் எந்தக் கை முதலில் மடங்குகிறது. யார் ஓட்டப்போகிறார்கள் என்பதற்கு வாய் சொல்லும் பதில் ஆர்டர் எடுக்க மட்டும்தான் போதும்.

வேலை முடிந்ததும் ஜல்லியில் மறுபடி ஓட்டச் சொன்னேன். இந்த முறை எதிர்பாராத நேரத்தில் நானே குறுக்கே போனேன். வண்டி நேராக நின்றது. சாவகாசமாக இறங்கினார்.

“சார், ஒரே ஒரு கண்டிஷன். இத வீட்ல வேற யாரும் எடுக்கக் கூடாது.”

“இவளுமா?”

“அவங்க முக்கியமா எடுக்கக் கூடாது.”

சொல்தா மகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஹெல்மெட்டை மாட்டி வாரை இறுக்கிக்கொண்டார்.

“ரெண்டு பேரும் சேந்து நல்லா மாட்டிவுட்டீங்க” என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியை விட்டு ஈ.சி.ஆர். பக்கம் திரும்பினார்.