சுண்ணாம்பு கூடிய சவுக்காரம்

செட்டிபாளையத்தில் எங்கள் மாமனார் தன் இரண்டு மகள்மாருக்கும் ஒரே வளவில் வீடு கட்டிக் கொடுத்திருந்தார். மூத்தவளைக் கட்டிய என் சகலன் வாவிக்கரையில் சிப்பி சுட்டுச் சுண்ணாம்பு விற்பவர். நான் விஞ்ஞான ஆசிரியர். இரண்டு வீட்டுக்கும் கிணறு ஒன்றுதான்.

ஒரு கலியாணப் பந்தியில், எங்களுக்கு ஆறு வருடமாகப் பிள்ளை இல்லாததை யாரோ விசாரித்தார்கள். நான் வாய் திறக்குமுன் சகலன் பதில் சொன்னார்.

"மாஸ்டர் எல்லாத்தையும் புத்தகத்தில பார்த்துத்தானே செய்யிறவர். அதுதான் ஒண்டும் முளைக்குதில்ல."

பந்தி முழுக்கச் சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவி அகப்பையைச் சட்டிக்குள் விட்டுவிட்டு உள்ளே போனாள். இந்த மனிதனை ஊர் பார்த்துச் சிரிக்க வைக்காமல் விடுவதில்லை என்று அந்த இலையில் கை வைத்தபடியே தீர்மானித்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கூட்டுறவுச் சங்கக்கடையில் உடுப்புத் தோய்க்கும் சவுக்காரம் கிடைப்பது அரிதாயிற்று. அந்த நாட்களில் சகலனின் வீட்டில், சட்டி கழுவ வைத்த சாம்பல் தண்ணீர் வாளிக்குள் சுண்ணாம்பு கொட்டுண்டது. வீணாய்ப்போன வாளிதானே என்று, பொரித்துப் பொரித்துச் சிக்கு வாடை பிடித்த தேங்காய் எண்ணெயையும் சூட்டோடு அதற்குள் ஊற்றினார்கள். இரண்டு நாள் கழித்து வாளியைக் கவிழ்க்கப் போன சகலனின் கையில் நுரை வந்தது. ஒரு சிரட்டையில் அள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"மாஸ்டர், இஞ்ச பாருங்க. களிதான், ஆனா உடுத்த சாரத்தில இருந்த எண்ணெய்க் கறை போயிற்று. இது என்ன சாமான்?"

அடுப்பில் தவறி விழுந்த றப்பர், கல்லில் உரசித் தீப்பற்றிய குச்சி என்று, தற்செயலாய்ப் பிறந்த வீட்டுப் பொருட்களைப் பற்றி வருடாவருடம் வகுப்பில் சொல்பவன் நான். எங்கள் வளவிலேயே ஒன்று பிறந்திருந்தது, அதுவும் அவர் கையில். அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

"சவுக்காரம்தான் அண்ணன்" என்றேன்.

"மறுகா? இன்னும் நல்லா வர என்ன செய்யணும்?"

சுண்ணாம்பு கூடினால் காரம் மிஞ்சும், மிஞ்சிய காரம் தோலைத் தின்னும் என்பது எனக்குத் தெரியும்.

"சுண்ணாம்பைக் கூட்டுங்க. இரண்டு பங்கு போடுங்க."

"சுண்ணாம்பெண்டா என்னட்டப் பஞ்சமா?" என்று சிரித்தார்.

ஊருக்கு விற்பார், கை வெந்தவர்கள் அவர் வாசலில் வந்து நிற்பார்கள் என்று காத்திருந்தேன். ஆனால் விற்குமுன் அவருடைய மனைவி, என் மச்சாள், அதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனார். என் மனைவிக்குக் காய்ச்சல் என்பதால் என் பள்ளிக்கூட வேட்டிகளும் அவரிடம் இருந்தன. கல்லில் தேய்ப்பதை ஜன்னலால் பார்த்தேன். எழுந்துபோய்த் தடுக்க நேரம் இருந்தது. விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

மாலையில் மச்சாளின் இரண்டு உள்ளங்கைகளும் உரிந்துவிட்டன. அதன் பிறகு அந்த விரல்கள் சரியாக மடங்கவில்லை. பல வாரம் சகலன்தான் சோறு ஊட்டினார்.

"நான் எங்க பிழை விட்டன், மாஸ்டர்?" என்று ஒருநாள் கேட்டார்.

"அளவில்லாமல் போட்டிருப்பீங்க. படிக்காத ஆக்கள் செய்தா அப்படித்தான்."

தலையை ஆட்டினார். பிறகு எந்தப் பந்தியிலும் அவர் என்னைப் பற்றி வாய் திறக்கவில்லை. எனக்கு அது இனித்தது என்பதையும் மறைக்க மாட்டேன்.

அவர் இறந்து முப்பத்தோராம் நாள் மச்சாள் தன் மடங்காத விரல்களைப் பார்த்துக்கொண்டு என்னிடம், "பாவம் மனிசன், தெரியாமத்தானே செய்தவர்" என்றார்.

"ஓம் மச்சாள்" என்றேன்.