எண்ணூற்று முப்பத்தைந்து

கையில் வாங்கியதும் கனகரத்தினம் முதலில் மணந்து பார்க்கிறார். காப்போ சங்கிலியோ, மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை மூச்சை உள்ளே இழுக்கிறார். "சவர்க்கார மணம். கிளாலிக் கடலாலை உடுப்புக்குள்ளை வைச்சுக் கொண்டு வந்திருக்கினம்" என்கிறார். சில வேளை செண்டு மணக்கும். சில வேளை உப்புத் தண்ணீர். நகை வந்த வழி பிடிபட்ட பிறகுதான் கண்ணாடியைத் தேடுவார். அது அநேகமாக அவருடைய நெற்றியிலேயே ஏறி இருக்கும்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால், சைக்கிள் திருத்தும் கடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை, ஒரு கதிரை, வருகிறவர்கள் இருக்க ஒரு வாங்கு. தொண்ணூறாம் ஆண்டு கோட்டைப் பக்கம் சண்டை மூண்டபோது, தராசையும் உரைகல்லையும் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு கன்னாதிட்டியிலிருந்து வந்தவர். இரண்டு வருடமாக இங்கேதான். மின்சாரம் இல்லாததால் மேசையை வாசலோடு ஒட்டிப் போட்டிருக்கிறார். காலை வெயில் மேசையில் கிடக்கும் வரைதான் நகை பார்ப்பது. வெயில் மேசையை விட்டு இறங்கி வாசற்படியைத் தொட்டதும், கல்லை மெழுகால் துடைத்து, சிவப்புத் துணியில் சுற்றி, மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டுவார். அதற்குப் பிறகு யார் வந்து கெஞ்சினாலும் லாச்சி திறக்காது. அதற்கு முன்னர் பூட்டியதை யாரும் கண்டதும் இல்லை.

அவரிடம் வருபவை பெரும்பாலும் வெளிநாட்டில் வாங்கிய நகைகள். குவைத்தில் வீட்டு வேலை செய்த பெண், கப்பலில் போனவர், அகதியாகப் போன மகன் என்று யாரோ ஒருவர், எங்கேயோ ஒரு கடையில், பாதி விளங்கிய பாஷையில் விலை கேட்டு வாங்கிய பொருள். அதன் உண்மையான தரம் என்ன என்று சொல்வதுதான் கனகரத்தினத்தின் வேலை. தான் பார்த்த நகையைத் தானே விலைக்கு வாங்கமாட்டார். "பாக்கிறவன் வாங்கவும் வெளிக்கிட்டால் கண் ஒரு பக்கம் சாஞ்சுபோம்" என்பார்.

அவர் ஆகத் தூரம் போனது அநுராதபுரத்துக்கு, அதுவும் ஒரு செத்தவீட்டுக்கு. ஆனால் உலகத்தைப் பவுணால் அறிந்து வைத்திருக்கிறார். "சவூதிக்காரன்ரை பவுண் இருபத்தொண்டு கரட்டுக்குக் கீழை இறங்காது. இத்தாலிச் சங்கிலி பாக்கப் பெருசு, தூக்கினால் உள்ளுக்குக் கோறை." நகைகளில் அடித்திருக்கும் முத்திரைகளை உருப்பெருக்கியால் பார்த்து, பள்ளிக்கூடக் கொப்பி ஒன்றில் அப்படியே படமாகக் கீறி வைக்கிறார். பக்கத்தில் எந்த நாடு, உரைத்தபோது என்ன தரம் கண்டது என்ற குறிப்பு. பிழை என்று பின்னால் தெரிந்தால் அழிப்பதில்லை. ஒரு கோடு போட்டுவிட்டு, சரியானதைக் கீழே எழுதுகிறார். கோடு போட்ட வரிகள் கொப்பியில் நிறைய உண்டு.

போன மாதம் துபாயிலிருந்து வந்த ஒருவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே, "கெதியாப் பாருங்கோ ஐயா" என்று மூன்று தரம் சொன்னார்.

"பவுணுக்கு அவசரம் இல்லைத் தம்பி, உமக்குத்தான். அந்தக் கண்ணாடியைக் கழட்டிப்போட்டு உம்மடை மோதிரத்தின்ரை நிறத்தை நீரும் ஒருக்கால் பாருமன்."

கலியாண வீடுகளுக்குப் போனால் நிலத்தைப் பார்த்தபடியே இருப்பார். ஊரில் அதை அடக்கம் என்று நினைக்கிறார்கள். காரணம் வேறு. "கேட்டால் உள்ளதைச் சொல்லுவன். கேளாட்டில் பாக்கமாட்டன்" என்பது அவர் தனக்கு வைத்திருக்கும் சட்டம். கழுத்தையும் கையையும் பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் சோறு இறங்காது.

சென்ற வாரம் கொழும்புத்துறையிலிருந்து லூர்த்தம்மா வந்தார். அவருடைய மகன் பிலிப்பு ஜெர்மனியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறான். தங்கையின் கலியாணத்துக்கென்று அவன் அனுப்பிய சங்கிலி கைக்குட்டையில் முடிந்திருந்தது. பெண்ணுக்கு நல்ல பவுணில் ஒரு சங்கிலி போடுவதாகப் பேச்சு. மாப்பிள்ளையின் தமக்கை இராசமலரும் கூடவே வந்திருந்தாள். சங்கிலி சரி என்று இவள் போய்ச் சொன்னால்தான் மாப்பிள்ளையின் தாய் நாள் குறிக்கச் சம்மதிப்பார்.

லூர்த்தம்மா கடிதத்தை விரித்தார். "பத்தர், பெடியன் எல்லாம் விளக்கமா எழுதியிருக்கிறான். அங்கை பவுணிலை ஐஞ்சூற்று எண்பத்தஞ்சு, எழுநூற்றைம்பது எண்டு நம்பர் அடிச்சு விக்கிறவையாம். நம்பர் கூடக் கூடத் திறமாம். இவன் தேடித் திரிஞ்சு எண்ணூற்று முப்பத்தஞ்சு எடுத்தவனாம்."

"அது நல்ல நம்பர்தான் மாமி." இராசமலர் இடது கையை மேசையில் வைத்தாள். மணிக்கட்டில் பட்டையான ஒரு காப்பு. "என்ரை அவர் அங்கையிருந்து அனுப்பின உந்தக் காப்பும் எண்ணூற்று முப்பத்தஞ்சுதான். ஆனா நம்பரை ஆரும் அடிக்கலாம் எல்லோ. பத்தர் ஐயா உரைச்சுச் சொல்லட்டும். பிறகு எங்கடை அம்மாவோடை ஒரு கதை வரக்கூடாது."

கனகரத்தினம் காப்பைப் பார்க்கவில்லை. சங்கிலியை மணந்தார், நிறுத்தார், பூட்டைத் திருப்பி முத்திரையைப் பார்த்தார். பிறகு பூட்டுக்குப் பின்னால், போட்டால் தெரியாத ஒரு வளையத்தில் அரத்தை ஒரேயொரு முறை இழுத்து, அந்த இடத்தைக் கல்லில் உரைத்தார். கோடு வெளிறிக் கிடந்தது. திராவகப் போத்தலைத் திறந்தார். கொழும்பிலிருந்து இப்போது திராவகம் வருவதில்லை. போத்தலில் கால்வாசிதான் மிச்சம். கண்ணாடிக் குச்சியால் ஒரு துளி வைத்தார். கோடு கரைந்தது. அதன்மேல் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டதும் பால்போல வெள்ளையாகத் திரண்டது. கொப்பியைத் திறந்து ஒரு பக்கத்தைத் தடவிப் பார்த்தார். அதில் ஒரு தேக்கரண்டி கீறியிருந்தது. முன்னொருமுறை ஜெர்மனிக்குப் போய்வந்த ஒரு சுவாமியார் கொண்டுவந்த கரண்டி. அதிலும் இதே எண்.

"தனியச் சொல்லட்டோ, லூர்த்தம்மா?"

லூர்த்தம்மா இராசமலரைப் பார்த்தார். "வேண்டாம் பத்தர். பிள்ளையும் கேக்கத்தானே வந்தவ. சொல்லுங்கோ."

கனகரத்தினம் எப்போதும் கல்லைப் பார்த்துத்தான் சொல்வார். "நம்பர் உண்மையான நம்பர். அடிச்சவன் பொய் சொல்லேல்லை. ஆனா உது பவுணுக்கு அடிக்கிற நம்பர் இல்லை, வெள்ளிக்கு அடிக்கிறது. ஆயிரத்திலை எண்ணூற்று முப்பத்தஞ்சு பங்கு வெள்ளி. மேலை பவுண் பூசிக் கிடக்கு."

பக்கத்துக் கடையில் யாரோ சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள். லூர்த்தம்மா கடிதத்தை நாலாய் மடித்தார், எட்டாய் மடித்தார். "என்ரை பிள்ளையை ஏமாத்திப் போட்டாங்களோ?"

"ஒருத்தரும் ஏமாத்தேல்லை. கடைக்காரன் வெள்ளி விலைக்குத்தான் குடுத்திருப்பான். இவன் மலிவா அம்பிட்டிட்டுது எண்டு சந்தோசப்பட்டிருப்பான். ஏனோதானோ எண்டு வாங்கிறவன் முதல் கண்டதை எடுத்துக்கொண்டு போயிருப்பான் அம்மா. வீட்டுக்குத் திறமானது அனுப்பவேணும் எண்டு நிண்டு தேடிறவன்தான் உந்தப் பிழையை விடுவான். என்ரை கொப்பியிலை இது ஏழாவது."

இராசமலரின் வலது கை மெல்ல வந்து இடது மணிக்கட்டை மூடியது. லூர்த்தம்மா அதைக் கண்டார். கண்டதும் கைக்குட்டையை உதறி மடிக்கத் தொடங்கினார்.

"பிலிப்புக்கு ஒண்டும் எழுதாதேங்கோ மாமி." இராசமலரின் குரல் இறங்கியிருந்தது. "குளிருக்குள்ளை நிண்டு உழைக்கிறதுகளுக்கு எங்கடை பவுண் விளையாட்டு என்னெண்டு தெரியும்?"

"அது சரி. நீ வீட்டை போய் என்ன சொல்லுவாய் பிள்ளை?"

"உள்ளதைச் சொல்லுவன். தம்பி கேட்டது உங்கடை மகளை. சங்கிலி கேட்டது நாங்கள். அம்மாவோடை நான் கதைக்கிறன். நீங்கள் கலியாண நாளைப் பாருங்கோ."

கனகரத்தினம் அரம் பட்ட இடத்தைத் துணியால் தேய்த்து மினுக்கினார். சங்கிலியைப் பஞ்சில் வைத்து, பவுண் நகை சுற்றுகிற ரோசாத் தாளில் மடித்து லூர்த்தம்மாவிடம் கொடுத்தார். "கழுத்துக்கு வடிவான சங்கிலி. வேர்வை படாமல் போடச் சொல்லுங்கோ."

லூர்த்தம்மா எழுந்து வாசலுக்குப் போனார். இராசமலர் எழவில்லை. அவளுடைய பெருவிரல் காப்பின் பூட்டைத் தேடிக்கொண்டிருந்தது.

"பத்தர் ஐயா..." என்று தொடங்கினாள்.

வெயில் இன்னும் மேசையின் நடுவில் கிடந்தது. கனகரத்தினம் அவசரமில்லாமல் கல்லை எடுத்தார். மெழுகால் அழுத்தித் துடைத்து, சிவப்புத் துணியில் சுற்றி, லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.