கடத்தூரிலிருந்து ஒகேனக்கல்: என் இங்கிலீஷ் தோழியைத் தமிழில் சந்தித்த கதை

பொங்கல் முடிந்த அடுத்த சனிக்கிழமை கடத்தூருக்குக் கிளம்பினேன். ஒகேனக்கல் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியின் பெயர் ஜெசிந்தா.

எங்கள் அலுவலகத்தில் வாரா வாரம் நடக்கும் கூட்டத்தை இங்கிலீஷுக்கு மாற்றிவிட்டார்கள். நாற்பத்து நாலு வயதில் மறுபடியும் பள்ளிக்கூடப் பிள்ளையாகி, இணையத்தில் ஒரு பேச்சுப் பயிற்சிக் குழுவில் சேர்ந்தேன். இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுவார்கள். தினமும் மாலை அரை மணி நேரம் போனில் பேச வேண்டும். தமிழில் ஒரு வார்த்தை வரக்கூடாது. எனக்கு அமைந்த ஜோடி ஜெசிந்தா. தருமபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், வயது இருபத்தேழு, சொந்த ஊர் கடத்தூர் பக்கம். எட்டு மாதம் தினமும் பேசியிருக்கிறோம். ஒரு நாள்கூடத் தமிழில் பேசியதில்லை.

ஆரம்பத்தில் அவள் பேசும் ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தைக்கும் பின்னால் ஒரு மரியாதை ஒட்டிக்கொண்டு வரும். "எஸ்ங்க", "சாரிங்க", "தேங்க்யூங்க". என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. அதைவிடக் கஷ்டம் மறுப்பது. குழுவை நடத்துகிறவர் எங்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார். ஒருத்தி டீ வேண்டுமா என்று கேட்க வேண்டும், மற்றவள் வேண்டாம், நன்றி என்று சொல்ல வேண்டும், கேட்டவள் அத்தோடு பேச்சை விட்டுவிட வேண்டும். இங்கிலீஷ்காரர்களிடம் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், திரும்பக் கேட்டால் தொந்தரவு என்று எடுத்துக்கொள்வார்கள் என்றார். எங்கள் இரண்டு பேருக்கும் வாய் துறுதுறுக்கும், இன்னொரு தடவை கேட்கச் சொல்லி. நாக்கைக் கடித்துக்கொண்டு பழகினோம். ஜெசிந்தா என்னைவிட நன்றாகவே பழகிவிட்டாள்.

அந்த இங்கிலீஷில்தான் அவள் என்னிடம் விஷயத்தைச் சொன்னாள். அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் பதில் அனுப்ப வேண்டும். வீட்டுக்குத் தெரியாது. தருமபுரியிலேயே பதவி உயர்வுக்காக இங்கிலீஷ் படிக்கிறாள் என்றுதான் அவள் அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் வேண்டாம் என்றால் அவள் போக மாட்டாள், சண்டை போட்டும் போக மாட்டாள், அதில் தெளிவாக இருந்தாள். "நீ வா, விருந்தாளி இருந்தால் அப்பா சத்தம் போட மாட்டார், அப்போது கேட்கிறேன்" என்றாள். நானும் பெரிய இவள் மாதிரி, உன் வாழ்க்கை, தைரியமாகக் கேள் என்று இங்கிலீஷில் எடுத்துவிட்டேன். இங்கிலீஷில் அறிவுரை சொல்வது ரொம்பச் சுலபம், நம் வாயிலிருந்து வருகிற மாதிரியே இருக்காது.

சென்னையிலிருந்து சேலம் வழியாகப் போகும் ரயிலில் பொம்மிடியில் இறங்குவது கடத்தூருக்கு வசதி. சுமார் முந்நூறு கிலோமீட்டர். எல்லா ரயிலும் அங்கே நிற்காது, பார்த்து டிக்கெட் எடுங்கள். நான் இறங்கும்போது மதியம் பன்னிரண்டே முக்கால். அங்கிருந்து கடத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய், மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பேர்.

கடத்தூர் நிறுத்தத்தில் ஜெசிந்தா நின்றிருந்தாள். படத்தில் பார்த்த முகம்தான். நான் கையை ஆட்டினேன். அவள் ஓடி வந்து, பக்கத்தில் வந்ததும் சட்டென்று நின்று, "வாங்கக்கா, பிரயாணமெல்லாம் நல்லாருந்துச்சுங்களா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்று மாலைவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என் சமையலைக் கிண்டல் செய்து சிரித்தவள் இவள். தமிழில் அவளுக்கு நான் அக்கா, எனக்கு அவள் 'என்னம்மா'. பையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். ஊரிலிருந்து அவர்கள் வீடு ஒன்றரைக் கிலோமீட்டர், இருபுறமும் குச்சிக்கிழங்குக் காடு, மரவள்ளியை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். நடந்து போகிற வழியெல்லாம் இரண்டு பேரும் வெயிலைப் பற்றி மட்டுமே பேசினோம். பேச என்னவோ நிறைய இருந்தது, அதற்கான மொழிதான் கைவசம் இல்லை.

வீட்டில் அப்பா சவரிமுத்து வாசலுக்கே வந்து கும்பிட்டார். கிழங்கு விவசாயம், இரண்டு மாடு, ஞாயிறு தவறாமல் மாதா கோயில். அம்மா களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் போட்டார். பெரிய களி உருண்டை ஒன்று முடிந்ததும் போதுங்க என்று கையை வைத்து மறைத்தேன். கையை ஒதுக்கிவிட்டு இன்னொன்று விழுந்தது.

"நெசமாவே போதுங்க" என்றேன்.

"மொத தடவ போதும்னா அது பேச்சுக்குத்தானுங்க," என்றார் சவரிமுத்து. "எங்க வூட்ல மூணு தடவ கேக்காம யாரையும் எந்திரிக்க வுட மாட்டோம். ஒரே தடவ கேட்டுட்டு வுட்டா, போடறதுக்கு மனசில்லைன்னு ஆயிரும்."

அன்று முழுவதும் ஜெசிந்தா அயர்லாந்துப் பேச்சை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. தமிழில் எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து எட்டே காலுக்குக் கிளம்பினோம். விருந்தாளியைத் தனியாக அனுப்பக்கூடாது என்று சவரிமுத்துவும் வெள்ளை வேட்டியில் கூடவே வந்தார். அம்மா மாடுகளுக்காக வீட்டிலேயே இருந்துவிட்டார். கடத்தூரிலிருந்து தருமபுரி சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர், டவுன் பஸ் கிடைத்தால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. தருமபுரி பேருந்து நிலையத்தில் ஒகேனக்கல் பஸ் அடிக்கடி உண்டு. பென்னாகரம் வழியாக சுமார் நாற்பத்தாறு கிலோமீட்டர், எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. பென்னாகரம் தாண்டினால் காடும் வளைவுகளும்தான், போனில் சிக்னல் போய்விடும். வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில் உட்காருங்கள். நான் பின் சீட்டில் உட்கார்ந்து பட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஜனவரியில் தண்ணீர் அளவாக இருக்கிறது. பரிசல் ஓடியது. வெள்ளக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள், முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். கட்டணம் டிக்கெட் கவுண்டரில் எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டுப் பேசுங்கள். பாதுகாப்புச் சட்டையைக் கேட்டு வாங்கி மாட்டுங்கள். எங்களுக்கு முன்னால் போன பரிசலில் பெங்களூர்க் குடும்பம் ஒன்று, கன்னடத்தில் ஒரே கூச்சல். எங்கள் பரிசல்காரர் அவர்களோடு கன்னடத்திலும் எங்களோடு தமிழிலும் மாறி மாறிப் பேசினார். ஒரு வார்த்தைகூடத் தடுக்கவில்லை, எனக்குப் பொறாமையாக இருந்தது.

பாறைகளுக்கு நடுவே தண்ணீர் அசையாமல் நின்ற ஓர் இடத்தில் பரிசலை நிறுத்தினார். அப்போது ஜெசிந்தா கேட்டுவிட்டாள்.

"அப்பா, எனக்கு அயர்லாந்துல வேல கெடச்சிருக்குப்பா. மூணு வருசம். போகட்டுமா?"

சவரிமுத்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "வேண்டாஞ்சாமி. அவ்ளோ தூரம் எதுக்கு?" என்றார்.

அவ்வளவுதான். அவர் சத்தம் போடவில்லை. ஜெசிந்தா, "சரிப்பா" என்றாள். பரிசல்காரர் துடுப்பை எடுத்தார். என்னென்னவோ சொல்ல வேண்டும் போல இருந்தும், அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் மூன்றாவது மனுஷி என்ன பேசுவது? கரைக்கு வந்து மீன் வறுவல் சாப்பிட்டோம். மூன்று பேருக்கு முந்நூற்று அறுபது ரூபாய். நல்ல மீன்தான், ருசி தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் நானும் ஜெசிந்தாவும் ஒரு சீட், அப்பா எங்களுக்குப் பின்னால் நாலு சீட் தள்ளி. ஜெசிந்தா போனில் எதையோ தட்டிவிட்டு என்னிடம் நீட்டினாள். அயர்லாந்து மருத்துவமனைக்குக் கடிதம். வாய்ப்புக்கு நன்றி, குடும்பச் சூழ்நிலையால் ஏற்க முடியவில்லை. பிழை இருந்தால் சொல்லுங்கக்கா என்றாள். ஒரு பிழையும் இல்லை. எட்டு மாதத்தில் அவள் எழுதிய மிகச் சுத்தமான இங்கிலீஷ் அதுதான். எனக்கு அழுகை வந்தது. அவள் போனை வாங்கி அனுப்பு என்று அழுத்தினாள். காட்டுப் பாதை, சிக்னல் இல்லை, கடிதம் போகாமல் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

பென்னாகரத்தில் பஸ் பத்து நிமிடம் நின்றது. ஜெசிந்தா கொய்யா வாங்க இறங்கினாள். டீக்கடையில் சவரிமுத்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏனுங்க, புள்ளைக்கே போறதுக்கு இஷ்டமில்லைங்களா?"

"ஏங்க அப்படிக் கேட்கறீங்க?"

"பின்ன? ஒரு தடவ கேட்டுச்சு. நான் வேண்டாம்னேன். அத்தோட வுட்டுருச்சு. சந்தைக்கு வரட்டுமான்னு கேட்டாக்கூட, சின்னதுல நாலு தடவ கேக்கும். மறுபடி கேக்கும்னு நானும் மீன் திங்கறப்பல்லாம் பாக்கறேன், வாயே தொறக்கல. நம்மகிட்டச் சும்மா பேச்சுக்குக் கேட்டிருக்கும்போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். நாங்கள் டீ வேண்டுமா என்று போனில் பழகிய பாடத்தை இந்தப் பெண் பெற்ற அப்பனிடம் காட்டியிருக்கிறாள். கொய்யாக்காரரிடம் நின்றவளின் கையிலிருந்து போனைப் பிடுங்கினேன். சிக்னல் அப்போதுதான் ஒரு கோடு வந்திருந்தது, வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தி, கடிதத்தை அழித்த பிறகுதான் மூச்சு வந்தது. ஜெசிந்தா பயந்துபோய்ப் பார்த்தாள்.

"இன்னொரு தடவை கேளுடி!" என்றேன். அவளை நான் தமிழில் 'டி' போட்டது அப்போதுதான்.

கேட்டாள். டீக்கடை வாசலில், கையில் கொய்யாப் பையோடு.

"அப்பா, நான் போகட்டுமாப்பா?"

"உங்கம்மாகிட்டக் கேட்டியா?"

"நீங்க சரின்னா அம்மா சரிம்பாங்க. போகட்டுமா?"

"அங்க குளுருமாமே?"

"கம்பளிச் சட்ட வாங்கிக்கறேன். போகட்டுமாப்பா?"

சவரிமுத்து என்னைப் பார்த்து, இப்போதுதான் கேட்கிற மாதிரி கேட்கிறது என்பதுபோலத் தலையை ஆட்டினார். "செரி, போயிட்டு வா கண்ணு" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்களுக்கு முன்னால் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். அன்று சாயங்காலம் கடத்தூர் வீட்டிலிருந்தே பதில் போனது. அதில் இரண்டு பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன்.

இதே வழியில் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஒகேனக்கல்லை ஒரே நாளில் பார்த்துவிட்டு தருமபுரி திரும்பலாம், சாயங்காலம் நாலு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். எங்களுக்குத் தருமபுரியிலிருந்து ஒரு ஆளுக்கு ஒரு வழிக்கு நாற்பத்தைந்து ரூபாய் ஆனது. மாற்று உடை கட்டாயம். தண்ணீர் சாதுவாகத் தெரிந்தாலும் பாறையில் இறங்காதீர்கள். யார் வீட்டிலாவது சாப்பிட உட்கார்ந்தால் பசியோடு உட்காருங்கள், முதல் 'போதும்' செல்லாது. இங்கிலீஷ் கற்றுக்கொள்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அந்த மொழியின் மரியாதையைத் தாராளமாகக் கற்றுக்கொள்ளுங்கள், எனக்கும் அது அலுவலகத்தில் தினமும் உதவுகிறது. ஆனால் அதை எந்த வாசலில் கழற்றி வைக்க வேண்டும் என்பதை எந்தக் குழுவும் சொல்லித் தராது, நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை காலை பொம்மிடி ஸ்டேஷனுக்கு அப்பாவும் மகளும் வந்தார்கள். ரயில் இருபது நிமிடம் தாமதம். சவரிமுத்து தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார்.

"அந்த ஆஸ்பத்திரில புள்ளைக்கு மேல ஒரு பெரிய நர்ஸம்மா இருப்பாங்கல்லங்க? அவங்ககிட்ட போன்ல ஒண்ணு சொல்லோணும். அத இங்கிலீஷ்ல சொல்லிக் குடுங்க. எம்பொண்ணு பசிச்சாலும் மொதல்ல வேண்டாம்னுதான் சொல்லும், இன்னொரு தடவ கேளுங்கன்னு."

எனக்குத் தெரிந்த இங்கிலீஷையெல்லாம் மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன். வார்த்தைகள் கிடைத்தன. ஆனால் எப்படிச் சேர்த்தாலும், அதைக் கேட்கிற அயர்லாந்துக்காரிக்கு இந்த மனுஷன் என்ன கேட்கிறார் என்றே விளங்காது.

"வேண்டாம்ப்பா," என்றாள் ஜெசிந்தா. "எனக்கு வேணும்னா, வேணும்னு நானே சொல்லிக்குவேன்."

சவரிமுத்து என் பக்கம் திரும்பி, "அது அப்படித்தான் சொல்லும். நீங்க சொல்லிக் குடுங்க" என்றார்.