மாமாவின் காலும் இரு மருந்துகளும்

எழுத்தறிவற்ற குடும்பம் ஒன்று பச்சிலையை நம்பி ஓர் உயிரைப் பறிகொடுத்தது என்று எங்களைப் பற்றி உறவினர் சிலர் இன்றும் சொல்வதுண்டு. அது பிழை. காலஞ்சென்ற என் தாயார் பயிற்றப்பட்ட ஆசிரியை. இதைப் பதிந்துவிட்டே மேலே செல்கிறேன்.

கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழியில், அம்மாவின் ஒரே தம்பியான என் மாமாவின் கெண்டைக்காலைக் கூரைத்தகரம் கிழித்தது. வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலையில் உறவினர் வீடொன்றில் ஒதுங்கினோம். அருகிலிருந்த அகதிமுகாமின் வைத்தியர் கிருமிகொல்லிக் குளிசைகள் தந்து, முடியும்வரை விழுங்கச் சொன்னார். காய்ச்சல் தணிந்தது; புண் ஆறவில்லை. ஆகவே நாட்டு வைத்தியம் பார்க்கும் ஊர்ப் பரியாரி அழைக்கப்பட்டார். அவர் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கட்டினார். குடிக்கக் கசாயமும் கொடுத்தார்.

தமிழ் மருந்து தொடங்கினால் இங்கிலீசு மருந்தை நிறுத்திவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பரியாரி அப்படிச் சொல்லவில்லை. அவரிடம் எவரும் கேட்கவுமில்லை. அம்மாவே குளிசைகளை எடுத்து அலுமாரியில் வைத்தார்.

“ரெண்டையும் சேத்துக் குடிச்சா உடம்புக்குள்ள சண்ட பிடிக்கும்டா, தம்பி.”

“பிடிக்கட்டுமே அக்கா. அதுகள் அடிபடக்குள்ள கிருமி நடுவில நசிஞ்சி சாகும். மருமகள், நீதான் நடுவர்!”

சிறுமியான நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

பல ஆண்டுகளின்பின், வந்தாறுமூலைப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில், கிருமி வளர்ந்த தட்டில் இலைச்சாற்றையும் மருந்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். சில சாறுகள் ஒன்றும் செய்யவில்லை. சில, மருந்துக்குத் துணைநின்றன. மருந்தின் இடத்தை நிரப்பியது எதுவுமில்லை. மாமாவின் பகிடியில் பாதி உண்மை இருந்தது.

குளிசை நின்ற சில நாளில் மாமாவுக்குக் காய்ச்சல் திரும்பி வந்தது. உழவு இயந்திரப் பெட்டியில் கிடத்தி, துறையில் ‘பாதை’ என்னும் மிதவையில் ஏற்றி வாவியைக் கடந்து, சோதனைச்சாவடியில் வெகுநேரம் காத்துக் கிடந்து, பட்டினத்து ஆஸ்பத்திரியை அடைந்தோம்.

“குளிசைய ஆர் நிப்பாட்டினது?” வைத்தியர் அதட்டினார்.

அம்மா வாய் திறப்பதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

“நான்தான் ஐயா. கசந்திச்சி. எறிஞ்சி போட்டன்.”

வைத்தியர் ஏசினார். மாமா தலையாட்டியபடி கிடந்தார். குளிசைகள் வீட்டில் பத்திரமாக இருக்க, மாமா ஏன் பொய் சொல்கிறார் என்று அம்மாவின் சேலையைப் பிடித்திழுத்துக் கேட்டேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாமா பிழைக்கவில்லை. தாம் போனபின் அக்கா சுமக்க வேண்டியதை அவர் படுக்கையிலேயே தம்மேல் ஏற்றிக்கொண்டார் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.