எனக்கு வராத நஷ்டம்

கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் நோயாளிகளுக்கான சாமான் விற்கும் கடை என்னுடையது. கார்டு மெஷின் வைத்த முதல் மாதம், வங்கி பிடித்திருந்த கமிஷனைப் பார்த்து வயிறு எரிந்தது. அன்றே 'கார்டுக்கு இரண்டு சதவீதம் கூடுதல்' என்று எழுதி ஒட்டிவிட்டேன்.

பிள்ளைச்சாவடியிலிருந்து ஒரு அம்மா வாராவாரம் வருவார், படுக்கையில் கிடக்கும் கணவருக்கு டயாப்பர் வாங்க. ஒருநாள் கார்டை நீட்டினார்.

"கார்டுன்னா பேங்க்ல என்கிட்ட புடிச்சிக்கிறாங்கம்மா. ரெண்டு பர்சன்ட் கூட வாங்கினாலும் எனக்குத்தான் நஷ்டம்" என்று சிடுசிடுத்தேன்.

சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். "ஐயோ, எனக்குத் தெரியாம போச்சே தம்பி" என்றவர், உச்சி வெயிலில் ஏடிஎம்முக்கு நடந்துபோய்ப் பணத்தோடு வந்தார்.

மெஷினைச் சரிபார்க்க வந்தவரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கேட்டார்: "என்ன கார்டு சார்?"

"கவர்மெண்ட் உதவித்தொகை வர்ற டெபிட் கார்டு."

"அந்த மாதிரி கார்டுக்கு ஒரு பைசா புடிக்க மாட்டாங்களே! கமிஷன் பெரும்பாலும் போறது கிரெடிட் கார்டுக்குத்தான். மாசக் கணக்கைப் பிரிச்சுப் பாக்கலையா?"

பார்க்கவில்லை. மொத்தத்தைப் பார்த்துக் கோபப்பட்டதோடு சரி.

அன்றே அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். அடுத்த வாரம் அந்த அம்மா வந்ததும், "கார்டே குடுங்கம்மா" என்றேன்.

"வேணாம் தம்பி, உனக்கு எதுக்கு நஷ்டம்?" என்று, முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்தார்.

இன்றுவரை ஏடிஎம்முக்குப் போய்விட்டுத்தான் கடைக்கு வருகிறார். எனக்கு நஷ்டமே இல்லை என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.